உங்களுக்குத் தெரியுமா? ஆங்கில கிராமர்: விதி எழுதியவர்களும் வாக்கியம் பழகியவர்களும்

★ ஆங்கில மொழிக்கு எழுதப்பட்ட முதல் இலக்கண நூல் 1586இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் வில்லியம் புல்லோகர். லத்தீனுக்கு இருப்பதுபோல எங்கள் மொழிக்கும் ஒழுங்கு உண்டு என்று நிறுவுவது அவர் நோக்கம். அதே ஆண்டு, அதே நகரத்தில் இன்னொரு சிறு புத்தகமும் வந்தது. மதக் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் கரையேறிய பிரெஞ்சு அகதிகளுக்காக ஜாக் பெல்லோ என்ற ஆசிரியர் எழுதிய உரையாடல் நூல் அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மீன்காரரிடமும் துணிக்கடையிலும் விலை பேசுவது, விருந்தில் உட்கார்ந்து பேசுவது என்று அன்றாடப் பேச்சு முழுக்க அதில் இருந்தது. ஆங்கிலம் ஒரு பத்தியில், பிரெஞ்சு ஒரு பத்தியில், பிரெஞ்சுக்காரர் வாய்க்கு ஏற்ற உச்சரிப்பு இன்னொரு பத்தியில். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் ‘முப்பது நாட்களில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களுக்கு அதுதான் முன்னோடி.

விதியைச் சொல்லித் தருவதா, பேச்சைப் பழக்குவதா என்று ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டு வழிகளுக்கும் நானூறு வயதுக்கு மேல் ஆகிறது.

★ புல்லோகர் பின்பற்றியது வில்லியம் லில்லியின் லத்தீன் இலக்கணத்தை. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் அரசாணையோடு பள்ளிகளுக்கு வந்த நூல் அது. அந்நாளில் ‘கிராமர் ஸ்கூல்’ என்றால் லத்தீன் இலக்கணம் படிக்கும் பள்ளி. லத்தீனில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு வேற்றுமை வடிவம் மாறும். ஆங்கிலத்திலோ அந்த வேற்றுமைகள் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருந்தன. ஆனாலும் இல்லாத வேற்றுமைகளுக்கு அட்டவணை போட்டு, ஆங்கிலேயப் பிள்ளைகளையே தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்க வைத்தார்கள். கிராமர் என்றால் புரியாமல் மனப்பாடம் செய்வது என்ற பழக்கம் நம் ஊரில் தொடங்கியதல்ல.

★ விதி எழுதியவர்கள் யார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

‘ஐ’, ‘வீ’ வந்தால் ‘ஷல்’ போடு, மற்றவர்களுக்கு ‘வில்’ போடு என்ற விதியை 1653இல் எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ். கணக்கில் முடிவிலியைக் குறிக்கப் படுத்த எட்டு ஒன்றைப் போடுகிறோமே, அதை அறிமுகப்படுத்திய கணித மேதை அவர்தான். அந்த நூலை அவர் லத்தீனில் எழுதினார். இன்று ஆங்கிலேயர்களே எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ‘வில்’ என்றுதான் சொல்கிறார்கள்.

1761இல் இன்னொரு இலக்கணம் எழுதிய ஜோசப் பிரீஸ்ட்லி, பதிமூன்று ஆண்டு கழித்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தவர். மொழிக்கு வழக்கமே அளவுகோல், மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதைப் பார்த்துத்தான் விதி எழுத வேண்டும் என்று அவர் நம்பினார். மறு ஆண்டே, 1762இல், ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணம் வந்தது. அவர் பின்னாளில் லண்டன் நகரத்து ஆயர். ஷேக்ஸ்பியர், மில்டன் என்று பெரியவர்களின் வரிகளையே அடிக்குறிப்பில் எடுத்துப்போட்டுப் பிழை சொன்னார். பள்ளிகளில் வென்றது லௌத் வழிதான். என்னைக் கேட்டால் பிரீஸ்ட்லி வழி வென்றிருக்க வேண்டும்.

★ ‘பிழை திருத்துக’ என்று நம் தேர்வுத்தாள்களில் ஒரு கேள்வி வருமே, அந்தப் பயிற்சியைப் பாடநூலில் சேர்த்த முன்னோடிகளுள் ஒருவர் ஒரு பெண். பெயர் ஆன் ஃபிஷர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பள்ளி நடத்தியவர். 1740களில் அவர் எழுதிய இலக்கணத்தில் வேண்டுமென்றே பிழையாக எழுதிய வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். லத்தீன் அட்டவணைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே விளக்கினார். லௌத்துக்கு முன்பே அவர் நூல் பலமுறை அச்சாகியிருந்தது. ஆனாலும் இலக்கண வரலாற்றில் அவர் பெயரை வெகுகாலம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

★ வாக்கியத்தின் கடைசியில் பிரிபொசிஷன் வரக்கூடாது என்று அந்நாளில் ஆட்சேபித்தவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672இல் அதை நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் கண்ட குறையாக எழுதினார். பிறகு தம் பழைய கட்டுரையையே எடுத்து, கடைசியில் நின்ற பிரிபொசிஷன்களை எல்லாம் இடம் மாற்றினார். ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று உலகமே கேட்கிறது. யாரும் அதைப் பிழை என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

★ இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்ற விதியில் தமிழ் மாணவர் பெரும்பாலும் தவறுவதில்லை. ‘தெரியாமல் இல்லை’ என்றால் தெரியும் என்றுதானே பொருள்! சாசரும் ஷேக்ஸ்பியரும் அழுத்தத்துக்காக ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று எதிர்மறைகளை அடுக்கியவர்கள். அவர்கள் மொழியில் அவை ஒன்றையொன்று வெட்டவில்லை.

★ ஒருவரிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை ஏன்? பழைய ஆங்கிலத்தில் ஒருவர் என்றால் ‘தௌ’, பலர் என்றால் ‘யீ’, ‘யூ’. பிறகு பெரியவர்களையும் மதிப்புக்குரியவர்களையும் ‘யூ’ என்று பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். நாம் ‘நீங்கள்’ என்பதைப் போலவே. மரியாதை மெல்ல மெல்ல எல்லோருக்கும் பரவி, கடைசியில் ‘தௌ’ வழக்கொழிந்தது. மனிதருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று நம்பிய குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் மட்டும் நீதிபதியையும் பிரபுவையும் ‘தௌ’ என்றே அழைத்து, அதற்காக அடியும் சிறையும் பட்டார்கள். ஒருமைக்கு ஒருமை, பன்மைக்குப் பன்மை என்று வாதிட்டு, பல மொழி இலக்கணங்களைச் சாட்சிக்கு அழைத்து, அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் ஒரு நூலே வெளியிட்டார்.

★ வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இலக்கணம் படித்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உழவர் குடும்பத்துப் பிள்ளை. பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தபோது நாளுக்கு ஆறு பென்ஸ் சம்பளம். கட்டில் விளிம்புதான் படிக்க உட்காருமிடம், முதுகுப்பைதான் புத்தக அலமாரி. குளிர்காலத்தில் மெழுகுவத்தி வாங்கக் காசிருக்காது. அடுப்பு வெளிச்சத்தில், அதுவும் தன் முறை வரும்போதுதான் படிக்கலாம். லௌத்தின் இலக்கணத்தைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதி எடுத்தார். காவல் பணியில் நிற்கும்போதெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பார். எழுதுகோலோ காகிதமோ வாங்க வேண்டுமென்றால் சாப்பாட்டில்தான் கைவைக்க வேண்டும். காலையில் மீன் வாங்க மிச்சம் பிடித்துவைத்திருந்த அரைப் பென்னி காணாமல் போனபோது, போர்வைக்குள் முகம் புதைத்துக் குழந்தைபோல் அழுததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்தச் சிப்பாய்தான் பிற்காலத்தில் தன் மகனுக்குக் கடிதங்களாக ஓர் இலக்கணம் எழுதினார். 1818இல் வெளிவந்தது. படைவீரர்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் சிறுவர்கள் ஆகியோருக்காக என்று முகப்பிலேயே அச்சிட்டார். பிழைக்கு உதாரணம் வேண்டியபோது மன்னரின் நாடாளுமன்ற உரையிலிருந்தே எடுத்துக் காட்டினார். எழுதத் தெரியாத ஏழை தன் உரிமையைக் கேட்டு மனுப் போட முடியாது; ஆகவே இலக்கணம் ஏழைக்குத்தான் முதலில் வேண்டும் என்பது அவர் வாதம். ஆங்கில இலக்கண நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

★ இனி, இந்தப் பெரியவர்கள் யாரும் பெரிதாகச் சொல்லாத விதிக்கு வருவோம். ஆங்கிலத்தின் தலையாய விதி சொற்களின் வரிசை.

மூன்று காகிதத் துண்டுகளில் ‘நாய்’, ‘பூனையை’, ‘துரத்தியது’ என்று எழுதி மூன்று மாணவர்களிடம் கொடுத்து வகுப்பின் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். அவர்களை எப்படி இடம் மாற்றினாலும், ஆறு வரிசையிலும், துரத்தியது நாய்தான். ‘பூனையைத் துரத்தியது நாய்’ என்றாலும் பூனை தப்பிக்க முடியாது. இப்போது ‘த டாக்’, ‘சேஸ்ட்’, ‘த கேட்’ என்று எழுதிக் கொடுங்கள். முதல் பிள்ளையும் மூன்றாம் பிள்ளையும் இடம் மாறிய நொடியில் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். மற்ற வரிசைகளில் வாக்கியமே நிற்காது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காரணம் ‘பூனையை’ என்பதில் உள்ள ‘ஐ’ உருபு. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைத் தமிழில் வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. இடத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆங்கிலத்துக்கும் அப்படிப்பட்ட உருபுகள் இருந்தன, சொற்களும் இன்றைவிட தாராளமாக இடம் மாறின. உருபுகள் தேய்ந்துபோன பிறகு, அந்த வேலை முழுவதும் வரிசையின் தலையில் விழுந்தது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை ஆங்கிலம் இவ்வளவு கறாராகக் காப்பது அதனால்தான். ‘சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்க வைப்பதைவிட இந்தக் காரணத்தைச் சொல்லிவிடுவது மேல்.

★ ‘நேற்று சந்தையில் மீன் விற்ற பெண்ணின் மகன்’ என்ற தொடரை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘த சன் ஆஃப் த வுமன் ஹூ சோல்ட் ஃபிஷ் இன் த மார்க்கெட் யெஸ்டர்டே’. தமிழில் நேற்று, சந்தை, மீன், விற்ற, பெண், மகன். ஆங்கிலத்தில் மகன், பெண், விற்ற, மீன், சந்தை, நேற்று. கடைசியிலிருந்து தொடங்கி முதலில் போய் முடிகிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும்; ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’ பெயருக்குப் பின்னால்தான் வரும். நம் பிள்ளைகள் நீண்ட ஆங்கில வாக்கியத்தின் நடுவில் திணறி நின்றுவிடுவது அறிவுக் குறைவால் அல்ல. ஒவ்வொரு தொடரையும் மனத்துக்குள் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை ஒருமுறை கண்ணால் பார்க்கும்படி எழுதிக் காட்டினால் பாதிச் சுமை இறங்கிவிடும். எந்தப் பாடநூலாவது இதை முதல் பாடத்திலேயே வைக்காதா என்பது என் நெடுநாள் ஏக்கம்.

★ தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை, அதனால் ‘ஏ’, ‘த’ வராது என்று சொல்வதுண்டு. ஆனால் அந்த வேறுபாட்டைத் தமிழ் வேறொரு இடத்தில் காட்டுகிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம்: ‘ஐ பாட் ஏ புக்’. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நமக்குள் பேசிவைத்த அந்தப் புத்தகம்: ‘ஐ பாட் த புக்’. ‘ஐ’ உருபு வருமா வராதா என்று தயங்காமல் சொல்லும் பிள்ளைக்கு, ‘த’ வேண்டுமா வேண்டாமா என்பதும் உள்ளூரத் தெரிந்திருக்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

★ ‘டூ யூ நோ?’ என்பதில் உள்ள ‘டூ’வுக்குத் தனிப் பொருள் கிடையாது. கேள்வியும் எதிர்மறையும் அமைக்க வந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘நோ யூ?’ என்று வினையை முன்னால் போட்டும் கேட்டார்கள், ‘டூ’ போட்டும் கேட்டார்கள். உலக மொழிகளில் அரிதான அமைப்பு இது. தமிழில் ஓர் ‘ஆ’ போதும். அதையும் விரும்பிய சொல்லில் ஒட்டலாம்: ‘நீயா வந்தாய்?’, ‘நேற்றா வந்தாய்?’, ‘பஸ்ஸிலா வந்தாய்?’ மூன்றும் மூன்று கேள்வி. ஆங்கிலத்தில் அழுத்தத்தை மாற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வாக்கியத்தையே மாற்றிக் கட்ட வேண்டும்.

★ ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவை. பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட். ஒன்றுகூட ‘இடி’ சேர்த்து இறந்தகாலம் ஆவதில்லை. அடிக்கடி வாயில் வருவதால்தான் பழைய வடிவம் அழியாமல் தங்கியது. எப்போதோ வரும் வினைகள் மறதியில் ஒழுங்குக்கு வந்துவிட்டன. 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகளில் 177ஐ எடுத்துப் பின்தொடர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 எஞ்சியிருந்தன, இன்று 98. ‘ஹெல்ப்’ கூட முன்பு ‘ஹோல்ப்’ என்று மாறிய வினைதான்.

ஆகவே வினை அட்டவணையை அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை. இந்தப் பத்தில் தொடங்கினால் போதும்.

★ ‘பீ’யை விட்டுவிட்டால், ஆங்கில வினைக்கு அதிகம் போனால் ஐந்து வடிவங்கள்: ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஐந்து வயதில் பிசகாமல் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில வினை சுமையே அல்ல என்று பெற்றோர் தைரியமாக நம்பலாம்.

★ அப்படியானால் ‘ஷீ கோ’ என்று எழுதி, அந்த ஒற்றை ‘எஸ்’ஸை ஏன் விட்டுவிடுகிறார்கள்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கே அது தாமதமாகத்தான் வருகிறது. ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து 1973இல் நூலாக எழுதினார். ஆடம், ஈவ், சாரா என்று அவர்களுக்குப் பெயர் மாற்றி வைத்திருந்தார். மூவருக்கும் ‘இங்’ முன்பே வந்துவிட்டது, பன்மை ‘எஸ்’ஸும் சீக்கிரம் வந்தது, ‘ஷீ கோஸ்’ என்ற ‘எஸ்’ வெகு பின்னால் வந்தது. வேற்றுமொழியாக ஆங்கிலம் கற்பவர்களிடமும் ஏறக்குறைய இதே போக்கைப் பின்னர் கண்டார்கள்.

1967இல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் மாணவரின் பிழையைக் குற்றமாகப் பார்க்காமல், அவர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் காட்டும் தடயமாகப் பார்க்கச் சொன்னார். ‘கோட்’ என்று ‘வென்ட்’டுக்குப் பதில் எழுதும் பிள்ளை விதியைப் பிடித்துவிட்டது, விலக்கைத்தான் இன்னும் பிடிக்கவில்லை. அந்த விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

★ குழந்தைகள் விதியை உண்மையாகவே உள்வாங்குகிறார்களா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்களா? 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் ஒரு கற்பனைப் பறவையின் படத்தைக் காட்டி, இது ‘வக்’ என்றார். இப்போது இரண்டு இருக்கின்றன, என்னவென்று சொல்வாய் என்று கேட்டார். ‘வக்ஸ்’ என்றன குழந்தைகள். முன்பின் யாரும் கேட்டிராத சொல் அது!

★ ஆங்கில எழுத்தாளர் டோல்கியன் சின்ன வயதில் ஒரு டிராகன் கதை எழுதினார். ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த அவர் அம்மா, ‘கிரேட் கிரீன் டிராகன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். ஏன் என்பது தனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை என்று பெரியவரான பிறகு கடிதத்தில் எழுதினார். கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள் என்று போகும் அந்த வரிசை ஆங்கிலேயர் பலருக்குச் சொல்லத் தெரியாது; பேசத்தான் தெரியும். வேற்றுமொழிக்காரர்களான நமக்குத்தான் பாடநூல் அதைச் சொல்லித் தருகிறது.

★ ஆங்கில இலக்கணத்தின் பெருநூல்களுள் ஒன்றை எழுதியவர் டென்மார்க்காரர். ஓட்டோ யெஸ்பெர்சன். ஏழு தொகுதிகள், 1909இல் தொடங்கி அவர் இறந்த பிறகு 1949இல்தான் முடிந்தது. பௌட்ஸ்மா, க்ரைசிங்கா என்ற இரு டச்சுக்காரர்களும் பல தொகுதிகளில் எழுதியவர்கள். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் எல்லாமே கேள்வியாகத் தெரியும்.

★ ‘ஷீ சஜெஸ்டட் மீ டு கோ’ என்று எழுதுவது ஏன் தவறு? ‘டோல்ட் மீ டு கோ’ சரி, ‘சஜெஸ்டட்’ ஏன் கூடாது? இதற்குப் பழைய இலக்கண நூல்களில் பதில் தேடினால் கிடைக்காது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி அந்தப் பதிலை அகராதிக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு வினையும் தனக்குப் பின்னால் எந்த அமைப்பை ஏற்கும் என்று 25 வாய்பாடுகளாகப் பிரித்து, வினைக்கு வினை எண் போட்டார். போர்க்காலமான 1942இல் டோக்கியோவில் அச்சான அந்த அகராதியே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இன்று நம் பிள்ளைகள் பையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிகள் அந்த வழியில் வந்தவை. அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம்தான் அதன் உயிர்.

★ ஹார்ன்பிக்கு முன்பே ஜப்பான் போனவர் ஹெரால்ட் பாமர். 1916இலேயே ‘சப்ஸ்டிட்யூஷன் டேபிள்’ என்ற அட்டவணைகளை நூறு சேர்த்து நூலாக்கியவர். ஒரு பத்தியில் நான்கு ஆள், அடுத்ததில் மூன்று வினை, அதற்கடுத்ததில் ஐந்து இடம். இடமிருந்து வலமாக எதை எடுத்துக் கோத்தாலும் 60 சரியான வாக்கியங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கரும்பலகைகளில் இந்தக் கட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். அதற்குக் காரணம் 1960ஐ ஒட்டி இங்கே நடந்த ஒரு பெரும் முயற்சி. சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடக்கநிலையில் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது இலக்கு. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, அவர்கள் மேலும் பலருக்குத் தருவது என்ற ஏற்பாடு. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர். விதியைச் சொல்லாமல், வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் பழக்குவதே முறை. கையில் பொருளைக் காட்டி, செய்து காட்டி, வகுப்பு முழுக்கச் சொல்ல வைத்து, பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல வைப்பார்கள்.

★ ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் தெரியாத வீடு உண்டா? அந்த ரென்தான் 1924இல் வெளிவந்து திரைப்படங்களாகவும் ஆன ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிய பி.சி. ரென். பம்பாயில் கல்வித் துறையில் பணியாற்றியவர். இந்தியாவிலிருந்த ஆங்கில அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து 1930களில் எழுதிய இலக்கணம், பிறகு என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பாக நாடெங்கும் பரவியது. பயிற்சிகள் அருமை. ஆனால் ஏற்கெனவே வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு எழுதிய நூல் என்பதை மறந்து, ஆங்கிலம் காதில் விழாத பிள்ளையிடம் முதல் புத்தகமாக அதைக் கொடுப்பது நியாயமில்லை.

★ ஒரே ஒரு காற்புள்ளி 50 லட்சம் டாலர் ஆனது. அமெரிக்காவின் மெயின் மாநிலச் சட்டம், மிகைநேரச் சம்பளம் இல்லாத வேலைகளைப் பட்டியலிட்டிருந்தது. கடைசி இரண்டும், அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ ‘பொதி கட்டுதல்’ என்ற ஒரே வேலையா, பொதி கட்டுதல், விநியோகித்தல் என இரண்டு வேலையா? ‘ஆர்’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் பட்டியலில் தனி வேலையாக இல்லை, ஆகவே எங்களுக்கு மிகைநேரச் சம்பளம் உண்டு என்று பால் வண்டி ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது; மறு ஆண்டு அந்தத் தொகைக்குச் சமரசம் ஆனது.

★ எளிதாகக் கற்பதற்கென்று 1930இல் சி.கே. ஆக்டன் உருவாக்கிய ‘பேசிக் இங்கிலீஷ்’இல் மொத்தம் 850 சொற்கள், வினை 18 மட்டுமே. ‘என்டர்’ வேண்டாம், ‘கோ இன்’ போதும். சர்ச்சில்கூட அதை ஆதரித்தார். ஆனால் சிறு வினையோடு சிறு சொல் சேரும் அந்தத் தொடர்களைப் பிடிப்பதுதான் கற்பவருக்குக் கடினம்.

★ கிராமரே நடத்தாமல் கிராமர் வருமா? 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சில பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’ என்று உலகம் அதை அழைத்தாலும் சென்னையிலும் அந்த வகுப்புகள் நடந்தன. முன்னின்றவர் என்.எஸ். பிரபு. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து கிளம்பி இத்தனை மணிக்குள் அந்த ஊர் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார் ஆசிரியர். முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கணக்கைப் பேசித் தீர்க்கும்; பிறகு அதேபோல் இன்னொன்றை மாணவர் தனியாகச் செய்வார். மனம் விடையில் இருக்கும்போது வாக்கிய அமைப்பு தானாகப் படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை. 1987இல் அவர் எழுதிய நூல், செயல்வழி மொழிக் கற்பித்தல் பற்றி எந்த நாட்டில் பேசினாலும் இன்றும் மேற்கோளுக்கு வருகிறது. வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டவர்கள், இந்த வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே தேறியதைக் கண்டார்கள். வாக்கிய அமைப்புகளைச் சோதித்த தேர்வில் மட்டும் வழக்கமான வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள்.

நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு ரயில் அட்டவணைகூட வேண்டாம். உங்கள் ஊர்ப் பேருந்து நேரப் பலகையைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். ‘விச் பஸ்’, ‘வாட் டைம்’, ‘ஹௌ லாங்’ என்ற மூன்று கேள்வி அமைப்புகளுக்கு அது ஒரு பீரியட் முழுக்கத் தாங்கும்.